துணிக்கம்புக் குழாயில் குருவிக் கூடு: பொறி வைக்கலாமா?

பீஷான்_மாடிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது சிங்கப்பூரில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பு செருகும் குழாய்கள் வரிசையாக இருக்கும் அல்லவா, அதில் இரண்டைக் குருவிகள் பிடித்துக்கொண்டுவிட்டன. விடிவதற்கு முன்பே கீச்சுச் சத்தம். காயப்போட்ட துணியில் எச்சம். புல், டிஷ்யூ தாள், பிளாஸ்டிக் கீற்று எல்லாம் ஜன்னல் வழியாக அடுப்பு மேடையில் வந்து விழுகிறது. என் மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. அதனால்தான் இவ்வளவு கவலை.

அமெரிக்கக் காணொளிகளில் சிறிய கம்பிக் கூண்டு ஒன்றைக் காட்டுகிறார்கள். உள்ளே தானியம் போட்டால் குருவி நுழைந்து மாட்டிக்கொள்கிறது. அதே மாதிரி கூண்டு இணையக் கடைகளில் கிடைக்கிறது. பிடித்து ஏதாவது ஒரு பூங்காவில் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். கொல்லும் எண்ணம் துளியும் இல்லை. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? எந்தக் கூண்டு நல்லது?

பாசிர்ரிஸ்_பறவைநோக்கி:
அண்ணே, தயவுசெய்து கூண்டு வாங்காதீர்கள். 2020 ஜூன் 1 முதல் இங்கே வனவிலங்குச் சட்டம் கடுமையாகிவிட்டது. அனுமதி இல்லாமல் காட்டுப் பறவையைப் பிடிப்பதே குற்றம். கொன்றால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பாதுகாக்கப்பட்ட இனம் என்றால் 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. மற்ற இனங்களுக்கு 10,000 வெள்ளி வரை, 6 மாதம் வரை. பிடித்துப் பூங்காவில் விட்டாலும் பிடித்தது பிடித்ததுதான்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் இது வேலைக்கு ஆகாது. கூட்டில் குஞ்சு இருக்கும்போது தாயையும் தகப்பனையும் பிடித்துவிட்டால் குஞ்சுகள் குழாய்க்குள்ளேயே பட்டினியில் செத்துப்போகும். அப்புறம் நாற்றம், புழு, ஈ. உங்கள் சமையலறை ஜன்னலுக்கு அடுத்தே. குஞ்சு இல்லாத நேரத்தில் பிடித்தாலும், அந்தக் குழாய் திறந்திருக்கும்வரை வேறொரு ஜோடி வந்து குடியேறும்.

இன்னொரு கேள்வி. குருவியின் தலையைக் கவனித்தீர்களா? உச்சந்தலை என்ன நிறம்?

பீஷான்_மாடிவீடு:
இவ்வளவு தண்டனை இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, கூண்டு யோசனையை விட்டுவிட்டேன். உச்சந்தலை காப்பிக்கொட்டை நிறம். வெள்ளைக் கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டு குருவிகளும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, ஆண் எது பெண் எது என்று தெரியவில்லை.

பாசிர்ரிஸ்_பறவைநோக்கி:
அப்படியென்றால் அது மரச்சிட்டு. சிங்கப்பூரில் புளோக்குகளைச் சுற்றி நாம் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். ஊரில் ஓட்டு வீடுகளில் கூடு கட்டும் சிட்டுக்குருவி வேறு இனம். அதில் ஆணுக்கு உச்சந்தலை சாம்பல் நிறம், கழுத்துக்குக் கீழே கறுப்புத் திட்டு. பெண் மங்கலான பழுப்பு, அந்தக் கறுப்புத் திட்டு இருக்காது. அந்த இனம் இங்கே ஒரு சில இடங்களில்தான் தென்படுகிறது. நீங்கள் பார்த்த காணொளியில் பொறியில் மாட்டுவதும் அந்த இனம்தான். அங்கே அதைப் பிடிப்பதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. நம் நிலைமைக்கு அது பொருந்தாது.

டெக்சஸ்_தமிழன்:
அந்தக் காரணத்தை நான் சொல்கிறேன். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வளர்ந்தவன், இப்போது டெக்சஸில் இருக்கிறேன். வீட்டுத் தோட்டத்தில் நீலப்பறவைக்குக் கூட்டுப்பெட்டி வைத்திருக்கிறேன். சிட்டுக்குருவி அமெரிக்காவுக்குச் சொந்தப் பறவை இல்லை. 1850களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மரங்களை அரிக்கும் புழுக்களைத் தின்னும் என்ற நம்பிக்கையில் செய்தது. அரை நூற்றாண்டு சொச்சத்தில் அது கண்டம் முழுக்கப் பரவிவிட்டது. இது மரப்பொந்திலும் பெட்டியிலும் கூடு கட்டும் பறவை. நீலப்பறவைக்கும் அதே பொந்துதான் வேண்டும். பெட்டிக்குள் புகுந்து முட்டையைக் குத்தி உடைக்கும், குஞ்சைக் கொல்லும், அடைகாத்துக்கொண்டிருக்கும் தாயையே தலையில் கொத்திக் கொன்றுவிடும். காலையில் பெட்டியைத் திறந்து அதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கோபம் புரியும்.

1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் அங்கே பெரும்பாலான உள்நாட்டுப் பறவைகளைக் காக்கிறது. ஆனால் சிட்டுக்குருவி அதில் சேராது. அதனால்தான் பெட்டிக்குள் பொருத்தும் பொறி, தரையில் வைக்கும் கூண்டு எல்லாம் வெளிப்படையாக விற்கிறது. அங்கேயும் கட்டுப்பாடு உண்டு: பொறியை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும், உள்நாட்டுப் பறவை தவறி மாட்டினால் உடனே விட வேண்டும். பொறி வைத்துவிட்டு வேலைக்குப் போவது கொடுமை, வெயிலில் பறவை துடித்துச் செத்துவிடும்.

நான் பொறி வைப்பதில்லை. பெட்டியின் வாசலை இனத்துக்கு ஏற்றபடி சிறிதாக்குவதும், கம்பத்தைக் கட்டடத்திலிருந்து தள்ளி வைப்பதும், சிட்டுக்குருவி விரும்பும் சோளமும் தினையும் தீவனத்தட்டில் போடாமல் இருப்பதும் போதும் என்பது என் அனுபவம். வாசல் 28 மில்லிமீட்டர் என்றால் சிட்டுக்குருவி நுழையாது, சின்ன ரென் பறவை நுழையும். நீலப்பறவைக்கு 38 வேண்டும், அங்கேதான் சிக்கல். அதில் சிட்டுக்குருவி தாராளமாக நுழையும்.

தஞ்சாவூரான்:
வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவன். இந்த இழையைப் படிக்க மனசு கஷ்டமாக இருக்கிறது. எங்கள் ஊரில் குருவி வராதா என்று மண்பானையிலும் அட்டைப்பெட்டியிலும் ஓட்டை போட்டுத் தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாள் என்று பள்ளிக்கூடங்களில் கொண்டாடுகிறார்கள். டெல்லி 2012இல் அதை மாநிலப் பறவையாகவே அறிவித்தது. ஓட்டு வீடு போய்க் கான்கிரீட் வந்ததும், முற்றத்தில் நெல் புடைப்பது நின்றதும், பூச்சிமருந்து கூடியதும் சேர்ந்து குருவியை விரட்டிவிட்டன. நீங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்ததை விரட்ட வழி கேட்கிறீர்கள். ஒரு குழாயை விட்டுக்கொடுத்தால் என்ன?

பீஷான்_மாடிவீடு:
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. குருவியின் மேல் எனக்கு வெறுப்பே இல்லை. என் மகள் ராத்திரி மூச்சுக்குத் திணறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். அந்தக் குழாய் அவள் படுக்கும் அறையிலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை. குருவியும் நன்றாக இருக்க வேண்டும், என் வீட்டுக்குள் அந்தத் தூசியும் வரக்கூடாது. அதற்கு வழி இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

மருத்துவமனைத்_தாதி:
தம்பி பீஷான், தூசியைப் பற்றிக் கவலைப்படுவது சரிதான். காய்ந்த பறவை எச்சத்தை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டவே கூட்டாதீர்கள். பொடி காற்றில் பறக்கும், அதில் பூஞ்சைக் கிருமி இருக்கலாம். முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு முதலில் சோப்புத் தண்ணீரோ நீர்த்த குளோராக்ஸோ (வெளுப்பான்) தெளித்து ஊறவிட்டு, அப்புறம் ஈரத்துணியால் வழித்துப் பையில் கட்டிப் போடுங்கள். உங்கள் பிள்ளை அந்த நேரம் அறையில் இருக்க வேண்டாம். குளோராக்ஸ் நெடியும் அவளுக்கு ஆகாது.

இன்னொன்று, இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. குஞ்சுகள் பறந்துபோன பிறகு காலிக் கூட்டை அப்படியே விட்டுவிடுவது. கூட்டில் பறவை உண்ணிகள் இருக்கும், 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. இரத்தம் குடிக்கப் பறவை இல்லாமல் போனதும் ஜன்னல் விளிம்பு வழியாக வீட்டுக்குள் ஊர்ந்து வரும். மனிதர்களைக் கடிக்கும், கையிலும் கழுத்திலும் சிவப்புத் தடிப்பு வரும். மூட்டைப்பூச்சி என்று நினைத்து மெத்தையைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. மனித உடம்பில் அது வாழாது, பறவை கிடைக்காவிட்டால் சில வாரத்தில் செத்துவிடும். ஆனால் அந்தச் சில வாரம் தூங்க முடியாது. ஆகவே குஞ்சு பறந்த உடனே கூட்டை எடுக்க வேண்டும். குழாயை மட்டும் மூடிவிட்டுக் கூட்டை உள்ளே விடக்கூடாது.

கட்டடப்_பராமரிப்பு:
இருபது வருஷத்துக்கு மேலாகக் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். தாதி அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் கூட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குருவி அலகில் புல்லும் இறகும் கொண்டுபோனால் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. அலகில் புழு பூச்சி கொண்டுபோனால் உள்ளே குஞ்சு இருக்கிறது. ஒன்றுமே கொண்டுபோகாமல் ஒரு குருவி உள்ளேயே நீண்ட நேரம் இருந்தால் அடைகாக்கிறது. முட்டையோ குஞ்சோ இருந்தால் கை வைக்க வேண்டாம். அடைகாப்பு இரண்டு வாரத்துக்குள் முடியும், குஞ்சு பறக்க அப்புறம் 15 முதல் 18 நாள். மொத்தத்தில் ஒரு மாதம் போலப் பொறுத்தால் போதும். அவசரமென்றால் வனவிலங்கு விவகாரங்களைக் கவனிக்கும் தேசியப் பூங்காக் கழகத்தைக் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

குஞ்சுகள் பறந்ததும் தாமதிக்காதீர்கள். இங்கே குளிர்காலம் கிடையாது, அதே ஜோடி சீக்கிரமே அடுத்த ஈடு முட்டைக்குத் தயாராகிவிடும். அந்த இடைவெளியில் கூட்டை எடுத்து, குழாயைக் கழுவி, மூட வேண்டும். பயன்படுத்தாத குழாய்க்குப் பிவிசி மூடி போதும், எந்த இரும்புக்கடையிலும் கிடைக்கும், குழாயின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். ஆனால் நீங்களே ஜன்னலுக்கு வெளியே எக்கிப் போடாதீர்கள். மாடியிலிருந்து ஒரு சின்ன மூடி கீழே விழுந்தாலும் நடந்து போகிறவர் தலை உடையும், உங்கள் உயிருக்கும் ஆபத்து. வெளிச்சுவர் வேலை நகர மன்றத்துக்குச் சொல்லிச் செய்ய வேண்டியது. படம் எடுத்து அனுப்பினால் வேலை வேகமாக நடக்கும்.

தேக்கா_மளிகை:
எங்கள் கடையின் கதையே வேறு. சிராங்கூன் ரோட்டில் மளிகைக்கடை. அரிசி மூட்டை, பருப்பு மூட்டை முன்னால் திறந்து வைத்துத்தான் வியாபாரம். குருவி நேராக உள்ளே வந்து மூட்டைமேல் உட்கார்ந்து தின்கிறது. எச்சம் அரிசியில் விழுந்தால் அந்த மூட்டையை விற்க முடியாது. உணவு விற்கும் கடையில் பறவை சுற்றுவதை ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பசை அட்டை வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எலிக்கு வைப்பது மாதிரியாம்.

பாசிர்ரிஸ்_பறவைநோக்கி:
பசை அட்டையைத் தொடவே தொடாதீர்கள், அண்ணாச்சி. இறகு முழுக்க ஒட்டிக்கொண்டு துடித்துத் துடித்துச் சாகும். வனவிலங்குச் சட்டம் மட்டுமில்லை, விலங்கு வதைச் சட்டமும் சேர்ந்து வரும். முதல் முறைக்கே 15,000 வெள்ளி வரை அபராதம், 18 மாதம் வரை சிறை.

கடைக்குள் குருவி சிக்கிக்கொண்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் கூரைப் பக்கம் ஏறி முட்டி மோதும். உள் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வாசல் பக்கம் மட்டும் வெளிச்சம் இருக்கும்படி விடுங்கள், ஆட்களை விலகி நிற்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தை நோக்கிப் பறந்து தானாகப் போய்விடும்.

கட்டடப்_பராமரிப்பு:
அண்ணாச்சி, மூட்டைக்கு மேல் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் மூடி, கீல் வைத்தது, போட்டுக்கொள்ளுங்கள். சரக்கு வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும், குருவிக்கு எட்டாது. சாயங்காலம் கடை மூடும்போது தரையைக் கூட்டுவதோடு நிற்காமல் கடைக்கு முன்னால் இருக்கும் ஐந்தடிப் பாதையின் மூலைகளிலும், மூட்டைப் பலகைக்கு அடியிலும் சிந்திய தானியத்தை எடுக்க வேண்டும். குருவி முதலில் வருவது அந்தச் சிந்தலுக்குத்தான். மூட்டையைக் கண்டுபிடிப்பது அதற்கு அப்புறம். பிறகு உங்கள் பெயர்ப்பலகையின் பின்பக்கத்தை ஏணி வைத்து யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். விளக்குப் பெட்டிப் பலகைகளின் பின்னால் வெதுவெதுப்பான இடைவெளி இருக்கும், நான் பார்த்த கடைவீட்டுக் கூடுகளில் பாதிக்கு மேல் அங்கேதான்.

சமையலறை_அக்கா:
எனக்கு நெடுநாளாக ஒரு குழப்பம். அமாவாசைக்கும், மாமனார் திதிக்கும் படையல் சோறு எடுத்துக் காக்காய்க்கு வைக்கிறோம். முன்பு புளோக்குக்குக் கீழே புல்தரையில் வைப்பேன். காக்கா வருவதற்கு முன்னால் மைனாவும் புறாவும் குருவியும் வந்து மொய்க்கும். இதுவும் குற்றமா? வீட்டில் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது?

பாசிர்ரிஸ்_பறவைநோக்கி:
அக்கா, குற்றம்தான். காட்டு விலங்கு, பறவை எதற்கும் அனுமதியின்றி உணவு வைக்கக்கூடாது என்பது 2020 ஜூனிலிருந்து சிங்கப்பூர் முழுக்கப் பொருந்தும். முதல் முறை 5,000 வெள்ளி வரை, மறுபடி செய்தால் 10,000 வரை அபராதம்.

இதை நான் வெறும் சட்டமாகச் சொல்லவில்லை. ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பிடிச் சோறு, சுற்றி வயலும் தோப்பும். இங்கே ஒரு புளோக்கில் நூறு வீட்டுக்கு மேல். அதில் சில வீடுகள் சோறு வைத்தாலே ஒரு கூட்டத்தைப் பெருக்கிவிடும். அந்தக் கூட்டத்தைக் குறைக்க அப்புறம் பொறி வைக்கிறார்கள், கொல்லவும் செய்கிறார்கள். நாம் புண்ணியமென்று வைத்த சோற்றால் உயிர் போகிறது. நம் முன்னோர் பேரில் அது நடக்க வேண்டாம் என்பதே என் வேண்டுதல்.

மருத்துவமனைத்_தாதி:
எங்கள் வீட்டில் மாமியார் முதலில் ரொம்ப வருத்தப்பட்டார்கள். இப்போது இலையில் படைத்து, படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, அந்தச் சோற்றைக் குடும்பமாகப் பகிர்ந்து சாப்பிடுகிறோம். அன்றைக்குக் கோயிலில் அன்னதானத்துக்குப் பணம் கட்டிவிடுகிறோம். பித்ருக்களை நினைத்து ஒரு மனுசர் வயிறு நிறைகிறது என்று சொன்னதும் மாமியார் ஏற்றுக்கொண்டார்கள்.

சமையலறை_அக்கா:
அன்னதான யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் பேசுகிறேன். நன்றிம்மா.

காண்டோ_செயற்குழு:
எங்கள் காண்டோவில் (தனியார் அடுக்குமாடியில்) பறவைத் தொல்லை என்று மாதாமாதம் புகார். கார் நிறுத்துமிடத்தில் மைனாவும் குருவியும். நிர்வாகம் கூர்முனைக் கம்பிகளும் மீயொலிக் கருவியும் வாங்க விலைப்பட்டியல் கேட்டிருக்கிறது. அதோடு பொம்மை ஆந்தையும். அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு. செலவு பெரியது, பலன் இருக்குமா?

கட்டடப்_பராமரிப்பு:
மூன்றுக்கும் ஓட்டுப் போடாதீர்கள் என்று கூட்டத்தில் சொல்லுங்கள், சார். கூர்முனைக் கம்பி புறா அளவுப் பறவை உட்காராமல் தடுக்கும். குருவி அந்தக் கம்பிகளுக்கு நடுவிலேயே புல்லைச் செருகிக் கூடு கட்டும், கம்பிகள் கூட்டுக்குத் தாங்கலாகிவிடுகின்றன. மீயொலியைப் பொறுத்தவரை பறவைக்கு அந்த ஒலி கேட்பதே இல்லை. நமக்குக் கேட்காத உயர் அலைவரிசை அதற்கும் கேட்காது. பொம்மை ஆந்தையை முதலில் பயத்தோடு பார்க்கும், அது அசையாது என்று தெரிந்ததும் அதன் தலையிலேயே உட்காரும்.

பணத்தை வலையில் போடுங்கள். வலையின் கண் அளவுதான் எல்லாம். புறாவுக்கு 50 மில்லிமீட்டர், மைனாவுக்கு 28, குருவிக்கு 19. குருவி இருக்கும் இடத்தில் புறா வலை போட்டுவிட்டு வலை பயனில்லை என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 19 போட்டால் மூன்றும் அடங்கும். வலை தொய்யாமல் கம்பிவடத்தில் இறுக்கமாகக் கட்ட வேண்டும், தொய்ந்தால் பறவை சிக்கிச் சாகும். கட்டும் முன் உள்ளே பறவையோ கூடோ அடைபடவில்லை என்று ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

வலைக்கும் முன்னால் குப்பை. குப்பைத்தொட்டி அறையின் கதவு மூடியிருக்கிறதா, பார்பெக்யூ மேடையை ராத்திரியே கழுவுகிறார்களா என்று பாருங்கள். உணவங்காடிகளில் 2021 செப்டம்பரிலிருந்தும் காப்பிக்கடைகளில் 2022 ஜனவரியிலிருந்தும் தட்டை நாமே எடுத்து வைப்பது கட்டாயமானது. மேசையில் மிச்சச் சோறு கிடக்காவிட்டால் பறவைக்கு அங்கே வேலை இல்லை. உங்கள் காண்டோவுக்கும் அதே கணக்குத்தான்.

டெக்சஸ்_தமிழன்:
ஒரு சேர்க்கை. சிட்டுக்குருவியை அமெரிக்காவில் பிடிக்கிறார்கள், பிரிட்டனில் அதே பறவை குறைந்துபோய், அதிகக் கவனம் தேவைப்படும் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது, அங்கே சட்டம் அதைக் காக்கிறது. சீனாவில் 1958இல் மரச்சிட்டைத் தானியத் திருடன் என்று நாடு முழுக்கத் தட்டு அடித்து விரட்டிக் கொன்றார்கள். பயிரைத் தின்னும் பூச்சிகள் பெருகின. 1960இல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். காணொளியில் பார்ப்பதை அப்படியே ஊர் மாற்றிச் செய்யக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பீஷான்_மாடிவீடு:
நிலவரம் சொல்கிறேன். நகர மன்றத்திலிருந்து ஆள் வந்து பார்த்தார். ஒரு குழாயில் வெறும் புல்தான், முட்டை இல்லை. அதைச் சுத்தம் செய்து மூடிவிட்டார். இன்னொன்றில் குஞ்சுச் சத்தம் கேட்கிறது, அவை பறந்ததும் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்தப் பக்க ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறோம், துணியை உள்ளேயே விசிறி போட்டுக் காயவைக்கிறோம். மகளுக்கு இப்போது பரவாயில்லை. ஒரு சந்தேகம்: குஞ்சு ஒன்று கீழே விழுந்துவிட்டால் என்ன செய்வது? மகள் தினமும் கேட்கிறாள்.

பாசிர்ரிஸ்_பறவைநோக்கி:
உடம்பு முழுக்க இறகு முளைத்து, தத்தித் தத்தி நடந்தால் அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்திலேயே இருக்கும், வந்து ஊட்டும். நடைபாதையில் இருந்தால் மட்டும் எடுத்துப் பக்கத்துப் புதரில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கைபட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. இறகே இல்லாத செங்குஞ்சு, அல்லது இரத்தக் காயம் என்றால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து ஏக்கர்ஸ் என்ற வனவிலங்கு மீட்பு அமைப்பையோ பூங்காக் கழகத்தையோ கூப்பிடுங்கள். பாலும் ரொட்டியும் தண்ணீரும் வாயில் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும்.

கட்டடப்_பராமரிப்பு:
இரண்டாவது குழாயை மூடும்போது பசை போட்டு ஒட்டச் சொல்லாதீர்கள். திருகு வைத்த மூடியாகக் கேளுங்கள், நாளைக்குக் கம்பு செருக வேண்டுமென்றால் கழற்றலாம். அப்படியே ஏர்கான் குழாய் சுவருக்குள் போகும் துளையையும் அவரிடம் காட்டிவிடுங்கள். அந்தக் குழாயை மூடியிருக்கும் ட்ரங்கிங் உறையின் முனை திறந்திருந்தால் குருவி அடுத்து அங்கேதான் போகும்.

பீஷான்_மாடிவீடு:
பார்த்தேன். திறந்துதான் இருக்கிறது, உள்ளே இன்னும் ஒன்றும் இல்லை. இன்றைக்கே படம் எடுத்து நகர மன்றத்துக்கு அனுப்புகிறேன்.